பணம் போடுகிறவர் பெயர் பத்திரத்தில் வேண்டாமா?

தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயரையும் தெருவையும் தவிர்த்துச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவருக்கு வயது 42. ஆஸ்பத்திரி லேபில் வேலை. கணவர் துறைமுகத்துக்கு லாரி ஓட்டுகிறார். அண்ணன் குடும்பம், அம்மா, இவர் குடும்பம் என எல்லோருமே இத்தனை வருடமாக வாடகை வீடுகளில்தான் இருக்கிறார்கள். இப்போது ராயபுரத்தில் ஒரு பழைய வீட்டைச் சேர்ந்து வாங்கப் போகிறார்கள். 720 சதுர அடி மனை, மேலும் கீழுமாக இரண்டு தளம், தேக்கு உத்திரத்தின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்த பழைய மெட்ராஸ் டெரஸ் தளம். மாடியில் ஓர் அறையில் மழைக்கு வாளி வைக்க வேண்டிய நிலை. பழுது பார்க்க ஆறு லட்சம் போதும் என்று மேஸ்திரி சொல்லியிருக்கிறார். விலை 68 லட்சம். அண்ணனுக்கு வங்கிக் கடன் 40 லட்சம் வரும். இவர் நகையை விற்றும் சீட்டுப் பணத்தைச் சேர்த்தும் 20 லட்சம் தருகிறார். அப்பாவின் பணிக்கொடையில் மிச்சம் வைத்த 8 லட்சத்தை அம்மா தருகிறார். "கடன் என் பேர்ல வர்றதால பத்திரமும் என் பேர்லதான் இருக்கணும், அப்புறமா உனக்கு எழுதித் தர்றேன்" என்று அண்ணன் சொல்லியிருக்கிறார்.

விற்பவர் தரப்பில், அப்பா 1961-இல் சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய வீடு இது. அவர் 1998-லும் அவர் மனைவி 2009-லும் உயில் எழுதாமல் இறந்துவிட்டார்கள். பிள்ளைகள் ஐந்து பேர். நான்கு பேர் கையெழுத்துப் போடத் தயார். கடைசி மகள் 1986-இல் வீட்டை எதிர்த்துக் கல்யாணம் செய்துகொண்டு அம்பத்தூரில் இருக்கிறார். அவரிடம் யாரும் பேசுவதில்லை. "89-க்கு முன்னாடி கல்யாணம் ஆன பொண்ணுக்குப் பங்கு கிடையாது. வாரிசுச் சான்றிலும் நாலு பேர்தான்" என்கிறார் புரோக்கர். கீழ்த்தளத்தில் ஒரு குடும்பம் 4 லட்சம் போக்கியத்துக்கு இருக்கிறது. அண்ணன் இரண்டு லட்சம் ரொக்கம் முன்பணமாகக் கொடுத்துவிட்டார். இந்த நிலையில் வாசகி முக்கியமாகக் கேட்பது இது: "இந்த வீட்டை வாங்கலாமா மேடம்?"

அன்புள்ள சகோதரிக்கு,

வாங்கலாம். ஆனால் இப்போது இருக்கிற நிலையில் வேண்டாம். கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை வீட்டின் சிக்கல்கள்தான் கண்ணில் பட்டன. இரண்டாவது முறை வேறொன்று பட்டது. அந்த வீட்டில் கடைசி மகளைக் காகிதத்திலிருந்து விட்டுவிட்டார்கள். உங்கள் வீட்டில் உங்களை விடப் பார்க்கிறார்கள். இந்த இரண்டையும் சரிசெய்தால் மீதி எல்லாம் வழிக்கு வந்துவிடும்.

முதலில் உங்கள் பெயர்

அண்ணன் உங்களை ஏமாற்ற நினைக்கிறார் என்று நான் சொல்லவில்லை. நீங்களும் அப்படி எழுதவில்லை. ஆனால் கடன் ஒருவர் பெயரில் வந்தால் பத்திரமும் அவர் ஒருவர் பெயரில்தான் இருக்க வேண்டும் என்பது தவறான எண்ணம். இரண்டு மூன்று பேர் சேர்ந்து வாங்கும் வீட்டுக்கு வங்கிகள் தினமும் கடன் கொடுக்கின்றன. பத்திரத்தில் பெயர் உள்ள எல்லோரையும் கடனிலும் இணைந்து கையெழுத்துப் போடச் சொல்வார்கள், அவ்வளவுதான். அதில் உங்களுக்கு ஓர் ஆபத்து உண்டு. அண்ணனால் தவணை கட்ட முடியாமல் போனால் வங்கி உங்களிடமும் வரும். அதைத் தெரிந்தே ஏற்க வேண்டும். தவணைக் காலத்துக்கு அண்ணன் பெயரில் ஓர் ஆயுள் காப்பீடு இருந்தால் இந்த பயம் பாதி குறையும்.

மறுபக்கத்து ஆபத்து இதைவிடப் பெரியது. பினாமித் தடைச் சட்டத்தை 2016-இல் கடுமையாக்கினார்கள். மனைவி, கணவன், பிள்ளைகள் பெயரில் வாங்குவதற்கு அதில் விலக்கு இருக்கிறது. அண்ணன் தம்பி, அக்கா தங்கை, அப்பா அம்மா பெயரில் வாங்குவதற்கும் விலக்கு இருக்கிறது. ஆனால் பணம் கொடுத்தவர் பெயரும் ஆவணத்தில் கூட்டு உரிமையாளராக இருந்தால் மட்டும். உங்கள் 20 லட்சம் அண்ணன் ஒருவர் பெயருக்குப் போனால் அந்த விலக்கின் நிழல் உங்கள் மேல் விழாது. நாளைக்கு "பணம் என்னுடையது, பெயர் மட்டும்தான் அவருடையது" என்று வழக்குப் போடவும் அதே சட்டம் தடை. சொத்தே பறிமுதல் நடவடிக்கைக்கு உள்ளாகலாம். அம்மாவின் 8 லட்சம் மட்டும், பிள்ளை பெயரில் வாங்குவதற்கான விலக்குக்குள் வரும்.

"அப்புறமா எழுதித் தர்றேன்" என்பதையும் யோசித்துப் பாருங்கள். கடன் முடியும் வரை மூலப் பத்திரம் வங்கியில் இருக்கும். அதுவரை அவர் உங்களுக்கு எதையும் எழுதித் தர வங்கி சம்மதிக்காது. அது 15, 20 வருடம். நடுவில் அண்ணனுக்கு ஏதாவது ஆகிவிட்டால், எழுதுவதற்கே கை கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன்: அவருடைய முதல் நிலை வாரிசுகள் அண்ணியும் பிள்ளைகளும் உங்கள் அம்மாவும். தங்கை அந்தப் பட்டியலில் இல்லை. அண்ணனின் நல்ல மனசைச் சட்டம் கணக்கில் எடுக்காது.

உங்களுக்கு மூன்று வழி இருக்கிறது. ஒன்று, மூவர் பெயரிலும் கிரயம், பங்கைப் பத்திரத்திலேயே எழுதிவிடுவது. போட்ட பணத்தின்படி பார்த்தால் அண்ணனுக்கு ஏறக்குறைய 59, உங்களுக்கு 29, அம்மாவுக்கு 12 சதவீதம் வரும். பங்கு எழுதாமல் விட்டால் போட்ட பணத்தின் விகிதம் என்றுதான் சட்டம் சொல்கிறது, ஆனால் யார் எவ்வளவு போட்டார் என்று காட்ட முடியாவிட்டால் சமபங்கு என்று கொள்ளப்படும். சண்டை அங்கேதான் ஆரம்பிக்கும். இரண்டாவது, 20 லட்சத்தை அண்ணனுக்குக் கடனாகவே கொடுப்பது. அப்படியானால் வங்கி மூலம் கொடுத்து புரோநோட்டு வாங்குங்கள். அதற்கு ஆயுள் மூன்று வருடம்தான், அதற்குள் புதுப்பிக்க வேண்டும். மூன்றாவது, அண்ணனுக்கு அன்பளிப்பு என்று முடிவு செய்து கொடுத்துவிடுவது. அதுவும் தப்பில்லை, ஆனால் தெரிந்து செய்யுங்கள். "கீழ்த்தளத்தில் நான் குடியிருப்பேன்" என்று எழுதியிருப்பதால் உங்களுக்கு முதல் வழிதான் என்பது என் அபிப்பிராயம். அம்மாவின் பங்கு அவர் காலத்துக்குப் பிறகு யாருக்கு என்பதை அவர் உயிலில் எழுதி வைக்கட்டும். எழுதாவிட்டால் உங்கள் இருவருக்கும் சமமாக வரும்.

அண்ணி சொன்னதற்கு ஒரு வார்த்தை. பெண் பெயரில் பதிந்தால் கட்டணம் குறையும் என்பது உண்மைதான். 2025 ஏப்ரலில் வந்த அந்த ஒரு சதவீதச் சலுகை 10 லட்சம் வரை மதிப்புள்ள சொத்துக்குத்தான். உங்களுக்கு முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 என்று 9 சதவீதம், அதாவது ஆறு லட்சத்துக்கு மேல். உங்கள் கணக்கில் இந்த ஆறு லட்சத்தை நான் எங்கேயும் பார்க்கவில்லை.

கடைசி மகளுக்குப் பங்கு உண்டு

புரோக்கர் சொல்கிற 1989 சட்டம் பரம்பரைச் சொத்தைப் பற்றியது. தமிழ்நாட்டில் அந்த ஆண்டு மகள்களுக்குக் கூட்டுக் குடும்பச் சொத்தில் உரிமை கொடுத்தபோது, அதற்கு முன்பே கல்யாணமானவர்களை விட்டுவிட்டார்கள். 2005-இல் மத்தியச் சட்டம் அந்தக் குறையையும் பெருமளவு தீர்த்தது. ஆனால் இந்த வீட்டுக்கு அந்த விவாதமே தேவையில்லை. அப்பா தன் சம்பாத்தியத்தில் வாங்கிய சொத்து, உயில் இல்லை. 1956-இல் வந்த இந்து வாரிசுரிமைச் சட்டப்படியே மனைவிக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் சமபங்கு. கல்யாணம் எப்போது நடந்தது, யாரை எதிர்த்து நடந்தது என்பதற்கு இதில் இடமே இல்லை. அப்பா இறந்ததும் அம்மாவோடு சேர்த்து ஆறில் ஒன்று, அம்மா இறந்ததும் அவர் பங்கும் பிரிந்து, ஆளுக்கு ஐந்தில் ஒன்று. 68 லட்சத்தில் அவருடையது 13 லட்சத்து 60 ஆயிரம்.

வாரிசுச் சான்றில் பெயர் இல்லை என்பதாலும் உரிமை போகாது. தாசில்தார் தரும் சான்று யார் வாரிசு என்று காட்டுவதற்குத்தான். அது பங்கைக் கொடுக்கவும் செய்யாது, பறிக்கவும் செய்யாது. ஒரு மகளை மறைத்து வாங்கிய சான்று என்றால், அதைக் கையில் வைத்திருக்கும் விற்பவர்களை நான் கொஞ்சம் ஜாக்கிரதையாகத்தான் பார்ப்பேன்.

"நாலு பங்கை வாங்கிக்கலாம், ஐந்தாவது பங்கை அப்புறம் பார்த்துக்கலாம்" என்று யாராவது சொல்வார்கள். குடும்பம் பிரிக்காமல் வைத்திருக்கும் குடியிருப்பு வீட்டில் வெளியார் ஒருவர் பங்கு வாங்கினால், அந்த வீட்டில் குடும்பத்தாரோடு சேர்ந்து குடியேற அவருக்கு உரிமை கிடையாது. பாகப்பிரிவினை வழக்குத்தான் போட வேண்டும். போட்டால், அந்த மகள் 1893-ஆம் வருடச் சட்டத்தைக் காட்டி, நீங்கள் வாங்கிய பங்கை நீதிமன்றம் மதிப்பிடும் விலைக்குத் தனக்கே தரச் சொல்லிக் கேட்கலாம். நகையை விற்று வழக்கை வாங்கின கதையாகிவிடும்.

ஆகவே ஐந்து பேரும் விற்பவர்களாகக் கையெழுத்திட வேண்டும். கடைசி மகளின் பணம் கூடப் பிறந்தவர்கள் கைவழியாகப் போகாமல் நேராக அவர் கணக்குக்குப் போக வேண்டும். யாராவது வெளியூரிலிருந்து பவர் கொடுத்தால், அது பதிவானதா, கொடுத்தவர் உயிரோடு இருப்பதற்கான மருத்துவச் சான்று இருக்கிறதா என்று பாருங்கள். பவர் கொடுத்தவர் இறந்தால் பவரும் அதோடு போய்விடும்.

பட்டா, வரி ரசீது, அடிமனை

வீட்டு வரி ரசீதும் கரண்ட் பில்லும் மூத்த மகன் பெயரில் இருப்பதை ஆதாரமாக எழுதியிருக்கிறீர்கள். அவை வரி யார் கட்டுகிறார் என்பதைத்தான் சொல்லும். 1961 கிரயப் பத்திரத்தின் அசல் வேண்டும். நகலைக் காட்டி "அசல் பீரோவில் இருக்கு" என்றால், பீரோ வரை போங்கள். அசலை யாரிடமாவது வைத்துக் கைமாற்று வாங்கியிருந்தால் அது வில்லங்கச் சான்றில் தெரியாது. ஆன்லைனில் இலவசமாகக் கிடைக்கும் வில்லங்கச் சான்று 1975-க்குப் பிறகுதான். அதற்கு முந்தைய பதிவுகளுக்கு சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட்டுத் தேடச் சொல்லுங்கள்.

வட சென்னையில் வாங்குகிறவர்கள் தவறாமல் பார்க்க வேண்டியது அடிமனை. கட்டடம் ஒருவருக்கும், அது நிற்கிற மண் கோயிலுக்கோ அறக்கட்டளைக்கோ சொந்தமாக இருப்பது நம் பக்கத்தில் புதிதல்ல. தாத்தா காலத்திலிருந்து மனை வாடகை கட்டிக் கட்டி, மண்ணும் நம்முடையது என்றே குடும்பம் நம்பிவிடும். 1921-ஆம் வருட நகரக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம், அடுத்தவர் மனையில் வீடு கட்டியவர்களுக்கு அந்த மனையை விலைக்குக் கேட்கும் உரிமையைக் கொடுத்தது. ஆனால் கோயில் நிலத்துக்கு இப்போது அது பொருந்தாது. அறநிலையத்துறை சம்மதம் இல்லாமல் பத்திரமும் பதியாது. 1961 பத்திரத்தின் சொத்து விவரத்தில் "மனையும் கட்டடமும்" என்று இருக்கிறதா, "கட்டடம் மட்டும்" என்று இருக்கிறதா என்று படியுங்கள். டவுன் சர்வே பதிவேட்டு நகலில் மனை யார் பெயரில் இருக்கிறது என்பதையும் பாருங்கள்.

கீழே இருக்கும் குடும்பம்

"வாங்கினா அவங்களே போயிடுவாங்க" என்பதை நம்பாதீர்கள். போக்கியப் பத்திரம் இருபது ரூபாய் முத்திரைத்தாளில் எழுதி மடித்து வைத்ததாக இருக்கும். வில்லங்கச் சான்றில் வராது. ஆனாலும் அந்தக் குடும்பம் இருப்பது தெரிந்தே நீங்கள் வாங்குகிறீர்கள். அவர்களுடைய 4 லட்சத்துக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டிவரும். தண்ணீரை நிறுத்துவது, ஃபியூஸைப் பிடுங்குவது என்று யாராவது யோசனை சொன்னால் காதில் வாங்காதீர்கள். சட்டப்படி அது தவறு, மனுஷத்தனமும் அல்ல. 4 லட்சத்தை விலையில் பிடித்து, பதிவு நாளன்று அவர்கள் பெயருக்கே டிமாண்ட் டிராஃப்ட் எடுத்துக் கொடுத்து, காலி வீட்டின் சாவியை வாங்கிக்கொண்டு பதியுங்கள். அந்த வீட்டுப் பையன் பத்தாவது படிக்கிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். பரீட்சை முடியும் வரை தவணை கொடுங்கள். நீங்களும் வாடகை வீட்டில் இருப்பவர், உங்களுக்கே தெரியும்.

மேஸ்திரி சொன்ன ஆறு லட்சம்

இது என் தொழில் அல்ல. ஆனால் இப்படிப்பட்ட வீடுகளை வாங்கியவர்களோடு ஏறி இறங்கியிருக்கிறேன். ஒரு முறை, என்னிடம் வழக்குக்கு வந்த ஒரு கட்சிக்காரருடன் பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு வீட்டைப் பார்க்கப் போனேன். புதுசாகச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள், மூக்கில் அந்த வாசனை. மேலே உத்திரங்களுக்குப் பளபளவென்று வார்னிஷ். நாற்காலி போட்டு ஏறி, உத்திரம் சுவருக்குள் நுழைகிற இடத்தில் வண்டிச் சாவியால் குத்தினேன். டீயில் நனைத்த ரஸ்க்கில் இறங்குவது போல இறங்கியது. நடுவில் தட்டினால் கணீர் என்கிறது, முனை மட்டும் மாவு. ஈரம் சுவர் வழியாக வந்து தங்குவதும் கரையான் ஏறுவதும் அந்த முனையில்தான். அதனால் வாளி வைக்கிற அறையைவிட, ஒழுகாத அறைகளின் உத்திர முனைகளைப் பாருங்கள்.

கட்டுமானப் பொறியாளர் ஒருவரைக் கூலி கொடுத்துக் கூட்டிப்போய் எழுத்தில் அறிக்கை வாங்குங்கள். முன்பணம் கொடுத்த பிறகு செய்கிற மிக உருப்படியான செலவு அதுதான். அந்த அறிக்கையை வைத்து விலையையும் பேசலாம். சுவர் சுண்ணாம்புச் சாந்தில் கட்டியதாக இருந்தால் மேலே சிமென்ட் பூசச் சொல்லும் மேஸ்திரியை நிறுத்துங்கள். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வெளியே விடும். சிமென்ட் பூச்சு அதை உள்ளேயே அடைத்துவிடும். இரண்டு மழைக்காலத்தில் பூச்சு பொரிந்து கொட்டும்.

பக்கத்து வீட்டோடு பொதுச் சுவர் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர்கள் உத்திரமும் அதே சுவரில் உட்கார்ந்திருக்கலாம். தொடுவதற்கு முன் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள், வேலைக்கு முந்தைய நிலையைப் படம் எடுத்து வையுங்கள். பின்னால் அவர்கள் சுவரில் விரிசல் தெரிந்தால் அந்தப் படங்கள்தான் பேசும்.

பூச்சு, தரை, ஒழுகும் தளத்தைச் சரிசெய்தல் இவற்றுக்கு அனுமதி தேவையில்லை. சுவரை எடுப்பது, தளம் ஏற்றுவது, இடித்துக் கட்டுவது என்றால் தேவை. 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை, தரைத்தளமும் ஒரு மாடியும் கட்ட 2024 ஜூலையிலிருந்து சுயசான்று முறையில் ஆன்லைனிலேயே அனுமதி கிடைக்கிறது. ஆனால் ராயபுரம் கடல் ஓரம். அலை ஏறும் கோட்டிலிருந்து 500 மீட்டருக்குள் மனை இருந்தால் கடலோர ஒழுங்குமுறை விதிகளும் வரும். மொத்தமாக இடிக்கும் எண்ணம் இருந்தால், இன்றைய விதிப்படி எவ்வளவு இடம் விட வேண்டும், மீதி எவ்வளவு கட்டலாம் என்று முதலில் வரைந்து பாருங்கள். 720 அடியில் ஒவ்வோர் அடியும் முக்கியம்.

இன்னொன்று, வாசல்படியில் நின்று ரோட்டைப் பாருங்கள். ரோடு போடப் போட வீடு கீழே போய்விடுவது நம் தெருக்களின் தலையெழுத்து. 2023 டிசம்பரில் மிக்ஜாம் மழைக்கு அந்தத் தெருவில் தண்ணீர் எதுவரை வந்தது என்று எதிர்வீட்டில் கேளுங்கள். புரோக்கரிடம் கேட்காதீர்கள். கீழ்த்தளத்தில் இருக்கப் போவது நீங்கள்தான். தரையை உயர்த்த வேண்டுமா, கழிவுநீர் திரும்பி ஏறாமல் அடைப்பு வைக்க வேண்டுமா என்பதையெல்லாம் பார்த்தால் ஆறு லட்சம் போதாது. யார் எவ்வளவு கொடுத்தார் என்று ஒரு நோட்டில் எழுதி, மாதம் ஒரு முறை அண்ணனும் நீங்களும் கையெழுத்திடுங்கள்.

கொடுத்த இரண்டு லட்சம்

வீட்டு விற்பனைக்கு 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக முன்பணம் வாங்குவது வருமான வரிச் சட்டப்படி தவறு. அபராதம் வாங்கியவருக்குத்தான் என்றாலும், கொடுத்ததற்கு உங்களிடம் ஆதாரம் இல்லை என்பதே உங்கள் பிரச்சினை. விற்பவரிடம் ரசீது கேளுங்கள். அவர்களிடம் போய்ச் சேரவில்லை, புரோக்கரிடமே இருக்கிறது என்றால் அதுவும் இப்போதே தெரிந்துவிடும். அடுத்து கிரய ஒப்பந்தம். தமிழ்நாட்டில் அதையும் பதிவு செய்ய வேண்டும் என்று 2012-லேயே சட்டம் வந்துவிட்டது. ஐந்து வாரிசுகளும் கையெழுத்திட்ட, மூன்று மாதமாவது கெடு உள்ள ஒப்பந்தமாக இருக்கட்டும். மூலப் பத்திரத்தில் குறை தெரிந்தால் முன்பணம் திரும்ப வர வேண்டும் என்றும் எழுதுங்கள். விலை 50 லட்சத்தைத் தாண்டுவதால் கிரயத் தொகையில் ஒரு சதவீதம் டிடிஎஸ் (விற்பவருக்குத் தரும் பணத்திலேயே பிடிக்கும் வருமான வரி) பிடித்துக் கட்ட வேண்டியதும் வாங்குகிற உங்கள் பொறுப்பு.

அண்ணனிடம் இந்தப் பேச்சை எப்படி எடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். அம்மாவிலிருந்து ஆரம்பியுங்கள். "அம்மா பேரும் பத்திரத்துல வரணும்ணா" என்று சொன்னால் எந்த அண்ணனும் மறுக்க மாட்டார். அம்மா பெயர் வருகிறபோது உங்கள் பெயரும் வரும். பினாமிச் சட்டத்தைப் பற்றி நான் எழுதியதைக் காட்டுங்கள். இது அவருக்கும் பாதுகாப்பு என்பது புரியும்.

அம்பத்தூரில் இருக்கிற அந்த மகளைப் பார்க்கப் புரோக்கரை அனுப்பாதீர்கள். அண்ணனையும் வேண்டாம். நீங்களே ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவைக் கூட்டிக்கொண்டு போங்கள். 13 லட்சத்து 60 ஆயிரம் அவருக்கு வர வேண்டியது என்பது அவருக்கே தெரியாமல் இருக்கலாம். முதலில் அதைச் சொல்லுங்கள். கையெழுத்தைப் பற்றி அப்புறம் பேசலாம்.